சோதித்தவர் அல்ல, எழுதியவர்

போதுமான அளவுக்கு வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். பிலோமினா இறந்த செய்தி நம் பழைய ஊழியர்களின் இந்த வலைப்பதிவில்தான் எனக்குக் கிடைத்தது. ராயபுரத்தில் வீட்டிலேயே மாரடைப்பு. மறுநாள் காசிமேட்டில் அடக்கம். நான் படித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குறிப்பை எழுதியவர் நம் முன்னாள் மேலாளர். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது ஏற்கெனவே தகுதிக்கு மீறிப் பல இடங்களில் இருக்கிறது. "நான் உருவாக்கிய த்ரெட் நூலகத்தைப் பொறுமையாகச் சோதித்துத் தந்தவர்" என்று பிலோமினாவைப் பற்றி எழுதியிருந்தார். கீழே வரிசையாக உங்கள் இரங்கல்கள். ஒருவர்கூட அந்த வரியைத் தொடவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்கின் மாடியில் நாம் வேலை பார்த்தோம். கன்டெய்னர் யார்டுகளின் வாயிலில் வைக்கும் எடைக் கணினியும், அதற்குள் ஓடும் சிறிய இயங்குதளமும் நம்முடையவை. அதில் பல வேலைகள் தனித்தனி இழைகளாக, அதாவது த்ரெட்களாக, ஒரே நேரத்தில் ஓடும். ஓர் இழை எடைமேடையைப் படிக்கும். இன்னோர் இழை சீட்டு அடிக்கும். ஆனால் கடைசியாக வந்த பிழை எது என்று குறித்துவைக்க எல்லா இழைகளுக்கும் சேர்த்து ஒரே இடம்தான். காகிதம் தீர்ந்துவிட்டது என்று ஓர் இழை குறித்துவைக்கும். அதை எடுத்துப் படித்த மற்றது, எடைமேடை கெட்டுவிட்டதாக நினைத்து வாயிலை மூடிவிடும்.

அப்படி மூடிக்கொண்ட ஒருநாள் நானும் பிலோமினாவும் எண்ணூர்ச் சாலைக்குப் போனோம். டிரெய்லர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. ஓட்டுநர் ஒருவர், "இன்னாம்மா, உங்க பொட்டிக்குப் பைத்தியமா? காலைலேர்ந்து நின்னுகினு கீறோம்" என்றார். நான் இயங்குதளம் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தேன். பிலோமினா என்னை ஒதுக்கிவிட்டு, "ஒரே தட்டுல ரெண்டு பேரு துன்றாங்கண்ணே. எலும்ப யாரு போட்டான்னு தெர்ல. ஆளுக்கொரு தட்டு வெக்கணும்" என்றார்.

"அப்ப வெய்யி" என்றார் ஓட்டுநர்.

வைத்தார். அதற்காக அவர் எழுதிய நிரல் தொகுப்புதான் அந்த த்ரெட் நூலகம். நிரலில் ஒரே பெயர். ஆனால் ஒவ்வோர் இழையும் அந்தப் பெயரைச் சொல்லும்போது அதற்கென்று உள்ள தனி இடம் கிடைக்க வேண்டும். இழை மாறும்போதெல்லாம் செயலியின் ஒரு பதிவகம் (ரெஜிஸ்டர்) புதிய இழையின் இடத்தைக் காட்டும்படி செய்தார். அந்த இடத்தில் வரிசையாகச் சிறு அறைகள். எந்த அறை நிரலின் எந்தப் பகுதிக்கு என்று சொல்லும் எண்ணைச் சாவி என்றோம். அவர் எழுதிய நிரலில் விளக்கக் குறிப்பு ஒரு வரி இருக்காது. கேட்டால், "படி நைனா, தமாசா கீது" என்பார். எல்லோரும் அவருக்கு நைனாதான், மேலாளரைத் தவிர.

பிறகு வேறு தொல்லை வந்தது. முந்தைய டிரெய்லரின் எடை அடுத்த டிரெய்லரின் சீட்டில் அச்சானது. ஒரு பகுதி தன் வேலை முடிந்து சாவியைத் திருப்பிக் கொடுத்ததும் அதே எண் வேறொரு பகுதிக்குப் போகும். ஓடிக்கொண்டிருக்கும் இழைகளின் அறைகளிலோ பழைய சரக்கு அப்படியே கிடக்கும். சாவி திரும்பி வரும்போது எல்லா இழைகளையும் நிறுத்தி அறைகளைத் துடைக்கச் சொன்னார் மேலாளர். எடைமேடையைப் படிக்கும் இழையை நிறுத்தினால் அளவு தவறிப்போகும் என்றார் பிலோமினா. மேலாளர் கேட்கவில்லை.

வழி யார்டு வாயிலிலேயே இருந்தது. கன்டெய்னரின் எண் அதன் ஆயுளுக்கும் மாறாது. ஆனால் ஒவ்வொரு முறை சரக்கேற்றிப் பூட்டும்போதும் புது எண்ணுள்ள சீல் போடுவார்கள். வாயிலில் இரண்டையும் ஒத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பிலோமினா என் முழங்கையில் இடித்தார். "பொட்டி அதே பொட்டிதான். சீலு மாறிச்சுன்னா சரக்கு வேற. நாம இன்னாத்துக்குத் தொடைக்கணும்?" சாவி கைமாறும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய தொடர் எண், மதிப்பை வைக்கும்போது அந்த எண்ணும் அறைக்குள் போகும், எடுக்கும்போது இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அறை காலி என்று பதில். எந்த இழையையும் நிறுத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் ஒத்துப் பார்த்தால் வேகம் குறையும் என்று மேலாளர் முறைத்தார். குறையவில்லை. அதன்பின் பெங்களூரில் ஒரு கருத்தரங்கில் இதைத் தன் யோசனையாகப் பேசிவிட்டு வந்தார்.

நம் அலுவலக வழக்கம் உங்களுக்கு நினைவிருக்கும்: யார் எழுதினாலும் கோப்பின் தலையில் குழுத் தலைவரின் பெயர் மட்டும். அதை எதிர்த்து ஒரு புகார் எழுதி, பிலோமினாவிடம் கையெழுத்துக் கேட்டேன். போடவில்லை. "பேரு அவன்து இருக்கட்டும். ரிப்பேருன்னா போன் யாருக்கு வருது? எனக்கு. அப்ப ஊருக்குத் தெரியும்ல?" என்று சிரித்தார். அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடிக்கவில்லை. இன்றும் பிடிக்கவில்லை. ஊருக்குத் தெரியவில்லை.

பின்னர் வேறொரு நிறுவனத்தில், இயங்குதளம் எழுதும் வேலைக்கே அவரை ஏறக்குறைய எடுத்துவிட்டார்கள். கடைசியாக நம் மேலாளரிடம் விசாரித்தபோது, "அவர் சோதனைப் பிரிவு" என்று சொல்லியிருக்கிறார். அந்த வேலை கிடைக்காமல் போயிற்று. அன்று மதியம் பிலோமினா சாப்பாட்டைத் திறக்கவில்லை. ஜன்னலோரம் நின்று, "டெஸ்ட் பண்ணவளாம் நைனா" என்றார். அதைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். அதே சொல்லை பிலோமினாவின் சாவுக்குறிப்பிலும் எழுதிவிட்டார் மேலாளர். உயிரோடு இருந்தபோது அது ஒரு வேலையைப் பறித்தது. இப்போது மிச்சமிருப்பதையும் பறிக்கிறது.

பிலோமினாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம்தான். கூட்டத்தில் தெரியாத ஒன்றைக் கேட்டால், "தெர்ல, பாத்துட்டு சொல்றேன்" என்பார். பார்த்துவிட்டுச் சொல்லவும் செய்வார். நான் படித்த கல்லூரிகளில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. இப்போது நான் சொல்கிறேன். மனம் கோணாமல் நான் செய்யும் ஒன்றிரண்டு காரியங்களில் அதுவும் ஒன்று.

மேலாளர்மேல் உங்களில் பலருக்கு மனக்கசப்பு உண்டு. எனக்கு அதிகமாகவே உண்டு, ஆறவும் இல்லை. இதன் கீழே என் பெயர் இருந்தால், பிலோமினாவை விட்டுவிட்டு எனக்கும் அவருக்கும் உள்ள பகையைத்தான் படிப்பீர்கள். 'அவனா, அப்படித்தான் சொல்வான்' என்று அவரும் தப்பித்துக்கொள்வார். அந்த நூலகத்தை எழுதியவர் பிலோமினா. இந்தப் பக்கத்தில் இருக்க வேண்டிய பெயர் அது ஒன்றே. என் பெயர் இல்லாமலே இதை இடுகிறேன்.