ஒழுகும் கூரையின் கீழ்

ஜெர்மனியில் ஹம் நகருக்குப் பக்கத்தில், யூதப் பிள்ளைகள் ஞாயிறுதோறும் படிக்க வருகிற ஒரு வீட்டில் நான் துப்புரவு வேலை செய்கிறேன். புரட்டாசி ஐப்பசி அளவில் அவர்களுக்கு ஒரு பண்டிகை. முற்றத்தில் கொட்டில் போட்டு, அதற்குள் இருந்து சாப்பிட வேண்டும். போன வருடம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கூரையில் வெறும் கிளைகள்தான் கிடந்தன. பாவம் பிள்ளைகள் என்று பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை இழுத்துக் கட்டிவிட்டேன். பெரிய உதவி செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

சுருட்டை முடிக்காரச் சிறுமி ஒருத்தி வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"இதுக்குள்ளால நட்சத்திரம் தெரியவேணும். தெரியாட்டில் இது கொட்டிலே இல்லை."

கழற்றினேன். மழையும் வந்தது. சூப்புக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அவர்களுடைய ஆசிரியையோ உள்ளே ஓடச் சொல்லாமல், இந்த வருடம் யாருக்கு என்ன கஷ்டம் வந்தது, அதனால் எதில் கெட்டிக்காரர் ஆனீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். சுருட்டை முடிக்காரி நீச்சல் பரீட்சையில் தவறியவளாம்.

"இப்ப எனக்குத் தண்ணிக்குள்ள விழப் பயமில்லை. அவ்வளவு தரம் விழுந்திட்டன்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஆசிரியை, வாளியோடு நின்ற என்னைப் பார்த்தார். "நீங்களும் சொல்லுங்கோவன். சின்ன வயசில என்ன கஷ்டம்?"

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் தமிழே வராது, இது ஜெர்மன். ஆனாலும் எப்படியோ வாய் திறந்துவிட்டது.

ஊரில் எங்கள் வீடு தென்னோலைக் கிடுகால் வேய்ந்தது. மாரியில் ஒழுகும். அது வகுப்பில் யாருக்கும் தெரியக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். ஒரு மழைக்குச் சட்டை காயாமல் நான் பள்ளிக்கூடம் போகாதிருக்க, விசாரிக்க வகுப்பு ரீச்சரே வீட்டுக்கு வந்துவிட்டார். நனையாத ஒரே மூலையில் அம்மா அவருக்குப் பாய் விரித்தார். மழை பலத்தது. சொட்டு, ரீச்சரின் தோளைத் தேடிப்போய் விழுந்தது. நாளைக்கு வகுப்பே சிரிக்கும் என்று நான் குன்றிப்போனேன்.

அம்மா எதையும் மறைக்கவில்லை.

"எங்கட வீடு ஒழுகும் ரீச்சர். ஆனா இவளைப் பாருங்கோ. எந்தக் கிடுகால ஒழுகுமெண்டு இருட்டிலயும் தெரியும், நேர கொண்டுபோய்ச் சட்டி வைப்பாள். தம்பி நனையாமப் படுக்கிறது இவளாலதான்."

"வகுப்பில வாயே திறக்கமாட்டாள்," என்றார் ரீச்சர்.

"அங்க ஒழுகாதெல்லோ," என்றார் அம்மா.

ரீச்சர் சிரித்துவிட்டார். நான் அழுதுகொண்டே சட்டி வைத்தேன். ரீச்சர் வகுப்பில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அப்படியிருந்தும் நான் கன நாள் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இவ்வளவையும் உடைந்த ஜெர்மனில் சொல்லி முடித்தேன். சுருட்டை முடிக்காரி தன் கோப்பையை நீட்டினாள். "அப்ப இங்க எங்க விழும்?"

கிளைகளைப் பார்த்து, மேசையில் ஓர் இடத்தைக் காட்டினேன். வைத்தாள். 'டொக்' என்று விழுந்தது. பிள்ளைகள் எல்லாரும் தங்கள் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு என்னைச் சூழ்ந்துவிட்டார்கள்.

"உங்கட அம்மாவுக்குச் சரியான பெருமை, என்ன?" என்று கேட்டாள் அவள்.

ஓம் என்றேன். அன்றைக்கு அம்மா ரீச்சருக்கு எங்கள் ஒழுகல் வீட்டைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்றே அழுதேன். அவர் காட்டியது என்னை.