கண்ணாடிக்குள் பறந்த படகு

கிரேனம்மா என்றால் எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பகலெல்லாம் கட்டட வேலை நடக்கும் இடத்தில் உயரமான கிரேனின் கூண்டுக்குள் உட்கார்ந்து இரும்புக் கம்பிக் கட்டுகளைத் தூக்குவாள். மாலையில் வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு, டிவி முன்னால் உட்கார்ந்து வீடியோ கேமில் அரக்கர்களைத் தூக்கி எறிவாள். ஐம்பதைத் தாண்டியும் இரண்டு வேலையிலும் கை தவறியதில்லை. ஒருநாள் மழை வரும்போது, எதிர்மாடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டையைக் கிரேன் கொக்கியாலேயே எடுத்து, மடித்து, சொந்தக்காரர் கையில் கொடுத்தாளாம். மடித்து என்பதை மட்டும் நீங்கள் நம்பவேண்டாம்.

கேம்களைப் பற்றி அவளுக்கு அபிப்பிராயங்கள் உண்டு. பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் குடை பிடிக்க வேண்டியதுதான்.

"கதவைத் திறக்கப் பொத்தானை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கணுமாம். கதவைத் திறக்கிறோமா, தாஜா பண்றோமா? குதிக்கிற பொத்தானைக் கொண்டுபோய்க் கன்ட்ரோலர் முதுகுல வெச்சிருக்கான். பள்ளம் வந்தப்புறம் தேடிட்டு உட்கார்றதா? எழுத்தை வேற எறும்பு படிக்கிறதுக்குன்னே எழுதியிருக்கான். கடன்காரப் பயல், கையில கன்ட்ரோலரைப் பிடிச்சிருப்பானா ஒரு நாளாவது!"

எல்லாவற்றுக்கும் மேலான அவளுடைய கொள்கை ஒன்று உண்டு. கிரேனில் லீவரைத் தன் பக்கம் இழுத்தால் அதன் இரும்புக் கை மேலே எழும்பும். தள்ளினால் கீழே இறங்கும். இத்தனை வருஷத்தில் அது அவள் நரம்பிலேயே ஏறிவிட்டது. ஆகவே கேமிலும் கன்ட்ரோலரின் குட்டிக் குச்சியை இழுத்தால் பார்வை மேலே போகவேண்டும். உலகத்தில் பெரும்பாலோருக்கு இது நேர்மாறு: தள்ளினால் மேலே. நல்லவேளையாக அநேக கேம்களில் செட்டிங்ஸுக்குள் போய் இதை மாற்றிக்கொள்ளலாம். அவள் புது கேம் வாங்கினால் முதலில் கதையைப் பார்க்கமாட்டாள். அந்த ஸ்விட்ச் இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள்.

கீழே சலூன், மேலே வீடு. சலூன்காரர் அவள் கணவர். தங்கமான மனுஷர், ஆனால் கேமில் காட்சி சுழன்றால் அவருக்குத் தலை சுற்றும். கல்யாணமான புதிதில் ஒருமுறை அவள் கன்ட்ரோலரை வாங்கி விளையாட உட்கார்ந்தவர், கையில் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அதோடு சரி. அதற்கப்புறம் கிரேனம்மா தனியாகத்தான் விளையாடினாள். இரண்டாவது கன்ட்ரோலர் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது.

அதைப் பிரித்தவர் கணவரின் அக்கா. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர், தனிக்கட்டை. குழாய் வெடித்து வீட்டுத் தரையெல்லாம் பெயர்ந்துபோனதால், வேலை முடியும்வரை தம்பி வீட்டில் தங்க வந்திருந்தார். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் அதுவரை "சௌக்கியமா", "சாப்டாச்சா" என்ற இரண்டே கேள்விகளில் காலத்தை ஓட்டியவர்கள்.

"தலை நரைச்சாச்சு, இன்னும் பொம்மை விளையாட்டா?" என்று முதல் நாள் டீச்சர் முகத்தைச் சுளித்தார். இரண்டாம் நாள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டார். மூன்றாம் நாள், திரையில் ஒரு பூட்டைத் திறக்கத் தெரியாமல் கிரேனம்மா முழித்துக்கொண்டிருந்தபோது, "எடையைச் சமன்பண்ணு, மக்கு! இடது பக்கம் முதல்ல!" என்று கத்தியேவிட்டார். பூட்டு திறந்தது. அலமாரியில் கிடந்த உறையும் பிரிந்தது.

இரண்டு பேர் சேர்ந்து ஆடும் கேம் ஒன்றைக் கிரேனம்மா ஆசையாக வாங்கி வந்தாள். பறக்கும் படகில் ஏறி, அணைந்துபோன கலங்கரை விளக்குகளைத் தேடி, தீப்பொறியால் சுட்டு ஏற்றவேண்டும். திரை பாதி இவளுக்கு, பாதி டீச்சருக்கு. வேலை முடிந்து கூண்டிலிருந்து இறங்கும்போதே கிரேனம்மா பாட்டு முணுமுணுக்கிறாள் என்று சூப்பர்வைசர் வியந்தார்.

அந்த கேமில் ஒரே ஒரு கோளாறு. மேல் கீழ் மாற்றும் ஸ்விட்ச், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான்.

இவளுக்குச் சரியாக வைத்தால் டீச்சர் வானத்தைப் பார்க்கப்போய்க் கடலைப் பார்த்தார். அவருக்குச் சரியாக வைத்தால் இவள் விளக்கைக் குறிபார்த்து மீனைச் சுட்டாள். ஒரு லெவல் உனக்கு, ஒரு லெவல் எனக்கு என்று ஒப்பந்தம் போட்டார்கள். கணவர் மொபைலில் தட்ட, கம்பெனிக்குக் காரசாரமான மின்னஞ்சல்கள் பறந்தன. "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் வந்தது.

புயல் லெவலில் ஒப்பந்தம் முறிந்தது. படகு பாறையில் மோதி மோதி, பாறையே தேய்ந்துவிடும்போல் ஆயிற்று.

"உன் கையே கோணல் கை! மேலேன்னா மேலே தள்ளணும். குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"நீங்க கரும்பலகையில சாக்பீஸைத் தள்ளிப் பழகினவங்க அண்ணி. நான் தூக்கிப் பழகினவ."

"சரிம்மா, நீயே தூக்கிக்க. எங்க வீட்ல தரை வேலையும் முடிஞ்சாச்சு. ஞாயித்துக்கிழமை பஸ்ஸுக்கு நான் கிளம்பறேன்."

கன்ட்ரோலரை மறுபடி உறைக்குள் போட்டு மூடினார் டீச்சர்.

'இருங்க அண்ணி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டன் கணக்கில் இரும்பைத் தூக்குபவளுக்கு அந்த ஒரு சொல்லைத் தொண்டையிலிருந்து தூக்க முடியவில்லை. "பஸ்ல ஜன்னல் சீட்டாப் பாத்து வாங்குங்க" என்றுதான் வந்தது.

சனிக்கிழமை, மேலே டீச்சர் பெட்டி கட்டும் சத்தம் பொறுக்காமல் கிரேனம்மா சலூனுக்கு இறங்கி வந்தாள். தபால்காரருக்குச் சவரம் நடந்துகொண்டிருந்தது. பாதியில் சுவர்க் கண்ணாடியின் திருகு ஒன்று கழன்றுவிட்டதால், கணவர் அதைக் கழற்றி சலூன் டிவிக்கு அடியில் இருந்த பெஞ்சில் மல்லாக்கப் போட்டிருந்தார். டிவியில் கால்பந்து. கிரேனம்மா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கண்ணாடியையே வெறித்தாள். மேலே உதைத்த பந்து கண்ணாடிக்குள் கீழே போயிற்று. இடது பக்கம் ஓடியவன் இடது பக்கமே ஓடினான். மேல் கீழ் மட்டும்தான் மாற்றம்!

"என்னங்க, ஒரு பக்கம் பிடிங்க!"

"அடியே, அவருக்கு இன்னும் பாதி மீசை பாக்கி இருக்குடி!"

"பாதி போதும் அவருக்கு!"

கண்ணாடி மாடிப்படி ஏறியது. முன்னால் கிரேனம்மா, பின்னால் கணவர், அதற்கும் பின்னால் கழுத்தில் துண்டோடு, தன் முகம் போகும் இடமெல்லாம் போயாகவேண்டிய ஒற்றை மீசைத் தபால்காரர்.

டிவி முன்னால் இருந்த டீப்பாயில் கண்ணாடியைக் கிடத்தினாள். ஸ்விட்சை டீச்சருக்குச் சரியாக வைத்தாள். தரையில் உட்கார்ந்து, டிவியைப் பார்க்காமல் கண்ணாடிக்குள் குனிந்து, குச்சியை இழுத்தாள். பார்வை மேலே போயிற்று.

"வானம் கீழே கிடக்கு, கடல் தலைக்கு மேல தொங்குது" என்றார் எட்டிப் பார்த்த கணவர், ஒரு கையால் பக்கெட்டைத் தேடிக்கொண்டே.

"கிடக்கட்டும். எனக்கு எப்பவுமே ஊரு காலுக்குக் கீழதான். அண்ணி, வாங்க."

டீச்சர் பெட்டியை ஒரு பார்வை, கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தார். "புயலை மட்டும் தாண்டிட்டுப் போறேன்" என்று சோபாவில் உட்கார்ந்தார்.

கண்ணாடிக்குள் எழுத்தெல்லாம் கவிழ்ந்து கிடந்தது. கிரேனம்மாவுக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. டீச்சர் வகுப்பறைக் குரலில் படித்துச் சொன்னார்: "இடப்புறம் பாறை! கயிற்றை இறுக்கவும்! இறுக்குன்னு போட்டிருக்கு, இறுக்கு!" இவள் இறுக்கினாள். படகு புயலைக் கிழித்துக்கொண்டு போய் விளக்கை ஏற்றியது. தபால்காரர் துள்ளிய துள்ளலில் கழுத்துத் துண்டு மின்விசிறியில் மாட்டிக்கொண்டு, இரண்டு நாள் காற்றே சோப்பு மணத்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ், ஜன்னல் சீட்டைக் காலியாக ஏற்றிக்கொண்டு போயிற்று.

"இன்னும் நாலு விளக்கு பாக்கி இருக்கே" என்றார் டீச்சர், யாரும் கேட்காமலே. "இவளுக்குப் படிச்சுச் சொல்ல ஆள் வேணாமா? எழுத்துக் கவிழ்ந்தா இவளும் கவிழ்ந்துடுவா." நாலு விளக்கு நாற்பதாயிற்று, அந்த கேம் முடிந்து வேறு கேம், பிறகு திரும்பவும் இதே கேம். டீச்சர் வீட்டின் புதுத் தரையில் இப்போது வாடகைக்கு வந்தவர்கள் நடக்கிறார்கள். சலூனுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது.

போன வாரம் வழக்கம்போல் கேமைப் போட்டபோது, திரையில் புதிதாக ஓர் அறிவிப்பு வந்தது. "அப்டேட் தயார். விளையாடுபவர்களின் வேண்டுகோளுக்கு இணங்க, இனி இருவருக்கும் தனித்தனியாக மேல் கீழ் மாற்றிக்கொள்ளும் வசதி. இப்போதே செய்யவா, பிறகா?"

டீச்சர் அதைப் படித்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"என்ன அண்ணி போட்டிருக்கு?" என்றாள் கிரேனம்மா, கண்ணாடியிலிருந்து தலை நிமிராமல்.

"ஒண்ணுமில்லம்மா. ஏதோ விளம்பரம்."

இத்தனை மாதமாகக் கண்ணாடியையே பார்த்துப் பார்த்துக் கிரேனம்மாவுக்குக் கவிழ்ந்த எழுத்து எப்போதோ பழகிவிட்டது. இப்போதெல்லாம் செய்தித்தாளைக்கூட எதிரே உட்கார்ந்து படிப்பவரிடமிருந்து பிடுங்காமல் படித்துவிடுவாள். அறிவிப்பை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒருமுறை நிதானமாகப் படித்தாள்.

"விளம்பரம்தானே? பிறகுன்னு அமுக்குங்க அண்ணி" என்றாள். "பாறை வருது பாருங்க, படிங்க."