தாம்பூலப் பையில் போன பிரேக்

எங்கள் வீட்டில் அந்த வருஷம் எங்கே கை வைத்தாலும் தாம்பூலப் பைதான். பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு அடித்த பைகளில் பாதி மிஞ்சிப்போனது. மழை வந்து கூட்டத்தைக் கெடுத்துவிட்டது என்பது பெரியப்பாவின் கட்சி. கணக்குப் பார்க்காமல் அடித்துத் தள்ளிவிட்டார் என்பது பெரியம்மாவின் கட்சி. எது எப்படியோ, பெண் மாப்பிள்ளை பெயரும் இரண்டு வாழைமரமும் அச்சடித்த அந்த மஞ்சள் பையில்தான் நான் பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கத்தரிக்காய் அதில்தான் வந்தது, பிய்ந்த செருப்பு தைக்க அதில்தான் போனது. அதனால் அம்மாவின் காரிலிருந்து கழற்றிய பழைய பிரேக் சாமானும் அதே பையில் வீட்டுக்கு வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரையும் கேட்காமல் அம்மா பிரேக்கை மாற்றிவிட்டு வந்ததைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள்.

குளத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒரே வளவுக்குள் பெரியப்பா வீடும் எங்கள் வீடும். பின்னால் தகரக் கொட்டகை இரண்டு வீட்டுக்கும் பொது. அப்பா குவைத்தில் இருந்தார். ஒரு லீவில் வந்தபோது பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினார். லீவு முடிந்து அவர் விமானம் ஏறியதும் காருக்குப் போர்வை போட்டு மூடிவிட்டார்கள். புதுக்கோட்டையில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்த அம்மா, டவுன் பஸ்ஸை விட்டுவிட்டு மேனேஜரிடம் ஏச்சு வாங்கி வாங்கி அலுத்துப்போய், சத்தமில்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். ஒருநாள் காலையில் போர்வையை உருவி மடித்து வைத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். எனக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது. பெரியப்பா மட்டும் அன்று சாயங்காலம் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நான்கு டயரையும் காலால் தட்டிப் பார்த்தார்.

பெரியப்பா நல்ல மனிதர். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். எனக்குக் காய்ச்சல் என்றால் அம்மாவுக்கு முன்னால் அவர்தான் பதறுவார். ஆனால் வளவுக்குள் ஒரு கோழி முட்டையிட்டாலும் அது அவரிடம் சொல்லிவிட்டுத்தான் இட்டிருக்க வேண்டும். கல்யாணச் சவாரிக்கு விட அவரிடம் ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி ஒன்று இருந்தது. அதற்குச் சம்பளத்துக்கு ஒரு டிரைவர். அதன் ரிப்பேர் எல்லாம் பெரியம்மாவின் தம்பியுடைய பட்டறையில்தான். மச்சினன் கை பட்டால் வண்டி பத்து வருஷம் பேசாமல் ஓடும் என்று பெரியப்பா எல்லோரிடமும் சொல்வார்.

அம்மா ஆபீசுக்குப் பக்கத்திலிருந்த வேறொரு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தார். பிரேக்கை மிதித்தால் காது கூசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்ததாம். ஆறாயிரத்துச் சொச்சம் ஆனது என்று சாப்பிடும்போது பெரியம்மாவிடம் சாதாரணமாகச் சொன்னார். அது சுவரைத் தாண்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? பெரியப்பா வந்து வாசலில் நின்றார். மச்சினன் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது ஊர் பேர் தெரியாதவனிடம் எதற்குப் போனாய், பொம்பளை தனியாக வந்தால் நல்லா இருக்கிற பிரேக்கையும் கழற்றிப் போட்டுக் காசு பிடுங்குவார்கள், போன மாதம் தன்னுடைய அவ்வளவு பெரிய வண்டிக்கே மச்சினன் ஒன்பதாயிரத்தில் பிரேக் மாற்றிக் கொடுத்தான் என்றெல்லாம் சொன்னார். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அன்று ராத்திரியே விஷயம் குவைத்துக்குப் போனது. அப்பா போனில் தீர்ப்புச் சொன்னார். அண்ணன் நாலு இடத்தில் விசாரிக்கட்டும். செலவு சரி என்றால் சரி. ஏமாந்திருந்தால் கார்ச் சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட வேண்டும், அவருடைய டிரைவர் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவரட்டும். பெரிய வண்டிக்குச் சவாரி இல்லாத நாளில்தான் அந்த டிரைவருக்கு ஓய்வு என்பது அப்பாவுக்கும் தெரியும். அம்மா சரி என்ற ஒற்றைச் சொல்லோடு போனை வைத்தார். நான்தான் எண்ணிப் பார்த்தேன். மறுபடி டவுன் பஸ், மறுபடி ஓட்டம், மறுபடி ராத்திரி ஏழு மணிக்குக் கடுகடுவென்று வீடு வந்து சேரும் அம்மா.

சனிக்கிழமை காலையில் பெரியப்பா பைக்கைத் துடைத்து வைத்துவிட்டு அம்மாவுக்குக் குரல் கொடுத்தார்.

“ஆத்தா, அந்தப் பழைய சாமான எடுத்தாத்தா. கையோட காட்டிட்டு வந்துர்றேன்.”

பழைய இரும்புக்காரர் வரும்வரை உடைந்த குழாய், ஓட்டை வாளி எல்லாம் கொட்டகையில்தான் கிடக்கும். அம்மா அங்கே போய்ப் பையை எடுத்து வந்தார். அதைப் பெரியப்பாவிடம் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார்.

“இவளையும் கூட்டிக்கிட்டுப் போங்க மாமா, லீவுதான” என்றவர், என் பக்கம் குனிந்து, “என்ன சொல்றாங்கன்னு நல்லாப் பாத்துட்டு வா” என்றார்.

பைக்கில் போகிற சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சொல்வதைக் கேட்டுவிட்டு வா என்பார்கள், இவர் பார்த்துவிட்டு வா என்கிறாரே என்றுகூட அப்போது தோன்றவில்லை. கனத்த பையை மடியில் வைத்துக்கொண்டு பைக்கின் பின்னால் உட்கார்ந்தேன்.

குளத்தூரில் முதல் பட்டறை. வண்டி எது, ஓட்டுகிறவர் யார் என்று பெரியப்பா சொல்லவே இல்லை. சொன்னால் பாரபட்சம் வந்துவிடுமாம். பையிலிருந்து ஒரு சாமானை எடுத்து நீட்டி, இது மாற்ற வேண்டியதா இல்லையா என்று மட்டும் கேட்டார். மெக்கானிக் வாங்கிப் பார்த்தார். உள்ளங்கை அளவு இரும்புத் தகடு, அதன்மேல் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு அவர் எனக்கும் காட்டினார். இந்தக் கறுப்புதான் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறது, இது தேய்ந்து இரும்பு தெரிந்தால்தான் ஆபத்து. பிறகு பெரியப்பாவைப் பார்த்தார்.

“பாதிகூடத் தேயலண்ணே. இதப் போயி எவன் மாத்துனான்? நல்லாத் தலையில மொளகா அரச்சுருக்கான்.”

பெரியப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்கோ அம்மாவின் சாவி போச்சே என்றிருந்தது. ஆனால் அந்தக் கறுப்பை விரலால் தடவிப் பார்க்கும் ஆசையும் விடவில்லை. தடவினேன், விரலெல்லாம் கரியானது.

புதுக்கோட்டைக்குப் போகிற வழியில் இரண்டாவது பட்டறை. அவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் கெட்ட வார்த்தை சேர்த்து. பெரியப்பா எனக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார். ஒங்கம்மாவைக் குறை சொல்லவில்லை, பாவம், அதுக்கு என்ன தெரியும், டிரைவரை ஏற்பாடு பண்ணிவிட்டால் நிம்மதியாகப் பின்னால் உட்கார்ந்து போகலாம் பார் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கடலைமிட்டாய் இறங்கவே இல்லை எனக்கு.

மாற்றத் தேவையில்லை என்பது முடிவாகிவிட்டது. விலையிலும் ஏமாற்றினார்களா என்பதுதான் பாக்கி. அதற்காகப் புதுக்கோட்டை கீழராஜ வீதிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பேர்ஸ் கடைக்குப் போனோம். பெரியப்பா காரின் பெயரைச் சொல்லி, முன் சக்கரத்துக்குப் பேடும் டிஸ்க்கும் மாற்ற என்ன ஆகும் என்று கேட்டார். கடைக்காரர் சாமான் விலையும் கூலியும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். அது அம்மா கொடுத்ததற்கு நூறு இருநூறு கூடத்தான் இருந்தது. பெரியப்பாவுக்கு அது ருசிக்கவில்லை. பேடு என்றால் அந்தக் கறுப்பு அப்பிய தகடுதான்; பையிலிருந்து அதை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் டொக்கென்று வைத்தார். இதே சாமான்தானே, நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

கடைக்காரர் கையில்கூட எடுக்கவில்லை.

“இது அந்தக் காருக்கு உள்ளதில்லண்ணே. ஏழு பேரு ஒக்கார்ற பெரிய வண்டிக்கு உள்ளது. இது செட்டே கூலியோட நாலாயிரத்தத் தாண்டாது.”

பெரியப்பா பேடைப் பார்த்தார். பையைத் தலைகீழாகக் கவிழ்த்து மற்றதையும் கொட்டிப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, எவ்வளவு என்று மறுபடி கேட்டார். கடைக்காரர் மறுபடி நாலாயிரம் என்றார். கூலியோடவா என்றார். கூலியோடதான் என்றார் கடைக்காரர். காது மடல் சிவந்து, மீசை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, கல்யாணப் பந்தியில் இலை போட்டு எழுப்பிவிட்ட ஆள் மாதிரி நின்றார் பெரியப்பா. மச்சினன் பெயரை அவர் வாய் உச்சரிக்கவில்லை. உச்சரித்து என்ன செய்வது? கட்டிய பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி. சண்டைக்குப் போனால் சோறு வெந்த மாதிரிதான்.

எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்தேன். கொட்டகையில் இரண்டு தாம்பூலப் பை கிடந்திருக்கிறது. ஒன்று அம்மாவுடையது, ஒன்று பெரியப்பா வண்டியுடையது. அவசரத்தில் அம்மா பை மாற்றிக் கொடுத்துவிட்டார். ஐயோ பாவம், வங்கியில் பைசா பிசகாமல் கணக்குப் பார்க்கிற அம்மா இப்படித் தடுமாறிவிட்டாரே, வெளியே தெரிந்தால் இதை வைத்தே சாவியைப் பிடுங்கிவிடுவார்களே என்று கவலையாகிவிட்டது.

பெரியப்பா எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும், “வீட்ல இதெல்லாம் ஒண்ணும் சொல்ல வேணாம்டா கண்ணு, என்ன?” என்றார். நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். அவருக்காக இல்லை, அம்மாவுக்காக.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா வாசலில் நின்றபடியே, எல்லாம் சரிதான் ஆத்தா, வேலையும் சரி, ரேட்டும் சரி, நல்ல ஒர்க்‌ஷாப்தான் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போய்விட்டார். அப்பாவுக்கும் அவரே போன் போட்டு அதையேதான் சொன்னார். சாவி அலமாரி ஆணியிலேயே தொங்கியது. அம்மா என்னைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை, சரி என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். அவ்வளவுதானா என்றார் அம்மா. அவ்வளவுதான் என்றேன். அவர் முகம் வாடியது போலிருந்தது. ஜெயித்த பிறகு இவருக்கு என்ன குறை என்று எனக்குப் புரியவில்லை.

கொஞ்ச நாள் கழித்துப் பழைய இரும்புக்காரர் மொபெட்டில் தராசோடு வந்தார். பெரியப்பா சவாரிக்குப் போயிருந்தார். நான் கொட்டகைச் சாமான்களைத் தூக்கி வந்து போட்டேன். அம்மா உள்ளே போய், அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு தாம்பூலப் பையை எடுத்து வந்து தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் கை விட்டு எடுத்துப் பார்த்தேன். சின்னத் தகடு. அதில் கறுப்பு என்று சொல்ல ஒரு பொட்டுகூட இல்லை. வெறும் இரும்பு தேய்ந்து கண்ணாடி மாதிரி பளபளத்தது. குளத்தூர் மெக்கானிக் சொல்லிக்கொடுத்த பாடம் எனக்கு மறக்கவில்லை, இந்தப் பிரேக்கோடு போயிருந்தால் எங்கேயாவது முட்டியிருப்போம்.

இரும்புக்காரருக்குக் கேட்காதபடி அம்மாவின் காதருகே போனேன். இத்தனை நாள் கட்டிக் காத்த ரகசியத்தை, அவர் மனம் நோகாதபடி மெதுவாகச் சொன்னேன்.

“அம்மா, நீ அன்னைக்கித் தப்பான பையக் குடுத்துட்ட. அது பெரியப்பா வண்டியோடது. கடையில கண்டுபுடிச்சுட்டாங்க. நான் யாருகிட்டயும் சொல்லல.”

அம்மா அப்படியே என்னைப் பார்த்தார். பிறகு இரும்புக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக் கொட்டகைக்குள் கூட்டிப்போனார். கவிழ்த்துக் கிடந்த உரலின்மேல் உட்கார்ந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“பெரியப்பா மொகம் எப்புடி இருந்துச்சு?”

நான் காது மடலைச் சொன்னேன், மீசையைச் சொன்னேன், எவ்வளவு எவ்வளவு என்று இரண்டு தரம் கேட்டதைச் சொன்னேன். அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு கேட்டார். வெளியே இரும்புக்காரர் ஹாரன் அடித்தார். சொல்லி முடித்துவிட்டேன் என்று நான் எழுந்தபோது, கையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தார்.

“மொதல்லேருந்து சொல்லு” என்றார்.

பிசகு தன்னுடையது என்று தெரிந்த பிறகும் அதை எதற்கு இரண்டாம் தரம் கேட்கிறார் என்று யோசித்துக்கொண்டே, நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.