இரண்டு நட்சத்திரக் காடு

பகவதிக்குக் காடு என்றாலே ஆகாது. அதை அவள் ஒளித்து மறைத்ததும் இல்லை. கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்த பிறகு புருஷனோடு எத்தனையோ தேசியப் பூங்காவுக்குப் போய்விட்டு வந்தாயிற்று. ஒவ்வொன்றைப் பற்றியும் அவளிடம் ஒரு குறை தயாராக இருக்கும். கன்ஹாவில் குளிர் ஆளைக் கொன்றது. காசிரங்காவில் யானைமேல் ஏறி இறங்கியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. கிர் காட்டில் ஒரு சிங்கம் இவர்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. அதை அவள் நேரடி அவமரியாதையாகவே எடுத்துக்கொண்டாள். "இதப் பாக்கவா ரெண்டு நாளு ரயில்ல வந்தோம்? எங்க காலனி நாயே இதவிட மரியாதையாப் பாக்கும்" என்று ஜீப்பில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

புருஷன் ராஜாராமனுக்கோ காடு என்றால் உயிர். அவர் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் அதிகாரியாக இருந்தவர். ஊர் சுற்றிப் பார்க்க அரசாங்கம் கொடுக்கும் எல்.டி.சி. சலுகையில் கூட வேலை பார்த்தவர்கள் காசிக்கும் காஷ்மீருக்கும் போனார்கள். இவர் மட்டும் வீட்டுக்குள் நுழையும்போதே, "லீவு கெடச்சிருச்சு பகவதி, எந்தக் காட்டுக்குப் போவம்?" என்று கேட்டுக்கொண்டு வருவார். இத்தனைக்கும் வாழ்நாளில் ஒரு புலியைக்கூட அவர் பார்த்ததில்லை. மற்றவர்கள் வழிகாட்டியிடம் சண்டை பிடிக்கும்போது, "நமக்குக் காட்டவா புலி இருக்கு? உள்ள விட்டாங்களே, அதுவே பெரிசு" என்பார். பகவதி உதட்டைப் பிதுக்குவாள்.

உள்ளே விடுவதும் வெளியே விடுவதும் அவருக்கு எப்போதுமே பெரிய விஷயம்தான். ஆராய்ச்சிக் கூடத்து வாசலில் காலையில் கைபேசியைக் கொடுத்துவிட்டு, நம்பர் போட்ட டோக்கன் ஒன்றை வாங்கிக்கொண்டு உள்ளே போகவேண்டும். சாயங்காலம் டோக்கனைக் கொடுத்துக் கைபேசியை வாங்கிக்கொண்டு வெளியே வரவேண்டும். டோக்கன் தொலைந்தால் விசாரணை, விளக்கம், தலைகுனிவு. அவருக்குத் தெரிந்த ஒருவர் ஒருமுறை தொலைத்துவிட்டு இருட்டும்வரை உள்ளேயே தேடிக்கொண்டிருந்தாராம். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ராஜாராமன் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். உள்ளே என்ன வேலை என்பது பகவதிக்குத் தெரியாது. குடும்பத்தார் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. மழை நாளில் குடை கொண்டுபோனால்கூட ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்பாள்.

ஓய்வு பெற்று, ஹப்சிகுடாவில் ஒரு அபார்ட்மெண்டில் குடியேறிய பிறகு அவருக்கு மறதி வந்தது. மறதி என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் வேறு பெயர் சொன்னார். காலையில் சட்டையை மாட்டி, பழைய அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார். வாசலில் மறித்தால் கத்துவார். ஒருநாள் மெட்டுகுடா மேம்பாலத்துக்குக் கீழே நின்று பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தவரைத் தெரிந்தவர் ஒருவர் கூட்டிவந்தார். அன்று பகவதி சமையலறையில் உட்கார்ந்து, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள்ளே அழுதாள்.

பிறகுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுக்கும் பித்தளை வில்லை ஒன்று அவளிடம் இருந்தது. அறுந்த செருப்புக்காக எதற்குத் திரும்ப வரிசையில் நிற்பது என்று வில்லையோடு வீட்டுக்கு வந்துவிட்டவள் அவள். நம்பர் நாற்பத்தொன்று. மறுநாள் காலையில் ராஜாராமன் கிளம்பியதும், வாசலுக்கு உள்பக்கமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவருடைய கைபேசியைக் கேட்டு வாங்கி, அந்த வில்லையைக் கையில் கொடுத்தாள். அவர் நம்பரைப் பார்த்தார். சட்டைப்பையில் போட்டார். கூடத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். சாயங்காலம் வில்லையைத் திருப்பிக் கொடுத்துக் கைபேசியை வாங்கிக்கொண்டார். நடுவில் ஒரு தடவைகூட அவர் வாசற்கதவைத் தொடவில்லை. வில்லை பையில் இருந்தால் அவர் உள்ளே இருக்கிறார், அவ்வளவுதான் கணக்கு.

மகள் சுபாஸ்ரீ இதைக் கேட்டுச் சிரித்தாள். "சூப்பர் ஐடியாமா" என்றாள். பகவதிக்கும் உள்ளூரப் பெருமைதான். எத்தனை டாக்டரிடம் காட்டியும் நடக்காததை ஒரு செருப்பு டோக்கன் நடத்திக்காட்டியதே என்று பூரித்துப்போனாள். பூரித்தவளுக்கு என்ன காத்திருந்ததோ, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அந்தச் சனிக்கிழமை சுபாஸ்ரீ காரை எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பாவுக்குக் காடு பிடிக்குமே, ஊர் ஓரத்திலேயே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறதே, ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவோம் என்றாள். எந்தப் பூங்கா என்று நான் சொல்லப்போவதில்லை; பாவம், அதன்மேல் ஒரு தப்பும் இல்லை. ராஜாராமன் அதற்கு முன்பே டோக்கன் வாங்கிப் பையில் போட்டிருந்தார். கிளம்புகிற அவசரத்தில் அதைத் திருப்பி வாங்கவேண்டும் என்று பகவதிக்குத் தோன்றவில்லை. அவருடைய கைபேசி அவளுடைய கைப்பையிலேயே கிடந்தது.

பூங்காவில் ஒரு பெஞ்சில் அவரை உட்காரவைத்துவிட்டுத் தாயும் மகளும் கழிப்பறைக்குப் போனார்கள். அங்கே வரிசை. பகவதி வழக்கம்போல ஆரம்பித்தாள். டிக்கெட்டுக்குக் காசு வாங்கத் தெரிகிறது, தண்ணீர் விடத் தெரியவில்லை, மான் எங்கே, மயில் எங்கே என்று முன்னால் நின்ற பெண்ணிடம் பொரிந்துகொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது.

வாசல் காவலர் அவர் வெளியே போகவில்லை என்றார். காக்கி உடுப்புக்காரர்கள் உள்ளே பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தார்கள். போலீஸ் வந்தது. சுற்றிலும் முள்வேலி இருந்தாலும் இரண்டு இடத்தில் ஆள் நுழையுமளவுக்கு ஓட்டை இருந்தது. அதன் வழியாக வெளிவட்டச் சாலைக்குப் போயிருப்பார் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். லாரி ஓடுகிற சாலை அது. பகவதி அந்த நினைப்பை மனசுக்குள் விடாமல் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தாள், அது திரும்பத் திரும்ப வந்தது.

மறுநாள் சுபாஸ்ரீ போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி என்று அலைந்தாள். "நீ வேண்டாம்மா, இங்கேயே இரு. அப்பா தானா வீட்டுக்கு வந்தா யாராவது இருக்கணும்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். சும்மா உட்கார்ந்திருப்பதைப் போன்ற தண்டனை வேறு இல்லை. பகவதி சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள், என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்பி வந்தாள். கைபேசியில் அந்தப் பூங்காவின் பெயரைப் போட்டாள். படத்திலாவது அந்த மரங்களைப் பார்ப்போம் என்று ஒரு பைத்தியக்கார ஆசை.

படங்களுக்குக் கீழே வந்துபோனவர்களின் கருத்துகள் வரிசையாக இருந்தன. அவளுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். பார்க்கிங் சரியில்லை. குழந்தைகள் விளையாட ஒன்றுமே இல்லை. புலி இல்லாத இடத்துக்குத் தேசியப் பூங்கா என்று பேர் எதற்கு. நடைக்கு நல்ல இடம், காற்று சுத்தம், ஐந்து நட்சத்திரம். கேண்டீனில் சமோசா ஆறிக் கிடந்தது, மூன்று நட்சத்திரம். படிக்கப் படிக்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. என் மனுஷன் அங்கே உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை, இவர்களுக்குச் சமோசா ஆறிப்போனதுதான் கஷ்டம். அடுத்த நொடியே கழிப்பறை வரிசையில் தான் பேசியது நினைவுக்கு வந்தது. கைபேசியைக் கட்டிலில் எறிந்தாள். பிறகு அவளே எடுத்தாள்.

புதிதாக ஒன்று வந்திருந்தது. அன்று காலையில் போனவர் போட்டது, வினய் என்று பெயர்.

"அமைதியான இடம்தான். ஆனால் பறவை பார்க்கும் கோபுரத்துக்குப் பின்னால், வற்றிய குளத்துப் பக்கம், ஒரு வயதானவர் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி டோக்கன் பார்த்தீர்களா என்று கேட்டுத் தொந்தரவு செய்கிறார். என் மகள் பயந்து அழுதுவிட்டாள். இப்படிப்பட்டவர்களை நிர்வாகம் எப்படி உள்ளே விடுகிறது? இரண்டு நட்சத்திரம்."

பகவதி அதை மூன்று முறை படித்தாள். உட்கார்ந்த இடத்திலேயே கைகூப்பினாள். தன் புருஷனைத் தொந்தரவு என்று எழுதியவனை, எதிரே இருந்திருந்தால் காலில் விழுந்து கும்பிட்டிருப்பாள்.

அதே மூச்சில் இன்னொன்றும் அவளுக்குப் புரிந்தது. டோக்கன் விழுந்துவிட்டது. டோக்கன் இல்லாமல் அவர் வெளியே வரமாட்டார். காக்கி உடுப்பைக் கண்டால் விசாரணை என்று ஒளிந்துகொள்வார். அத்தனை பேர் கூவிக் கூப்பிட்டும் கிடைக்காதது அதனால்தான். அவரை வீட்டில் கட்டிப்போட அவள் கொடுத்த வில்லை, காட்டில் கட்டிப்போட்டிருந்தது. "நானே கொன்னுட்டேனே" என்று சுபாஸ்ரீக்கு போன் போட்டுக் கதறினாள்.

மகளும் தாயும் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. கூட வந்த பூங்காக் காவலரைக் கோபுரத்துக்கு இப்பாலேயே நிறுத்தினாள் பகவதி. "உங்க டிரெஸ்ஸப் பாத்தா அவுக ஓடிருவாக. நான் மட்டும் போறேன்." காவலருக்குத் தமிழ் தெரியாது. சுபாஸ்ரீ மொழிபெயர்த்தாள். டோக்கன் விவரத்தையும் நம்பரையும் அவளே இந்தியில் விளக்கினாள். "டரோ நக்கோ, அம்மா. மை இதரிச் ஹூம்" என்றார் காவலர், பயப்படவேண்டாம், இங்கேயே இருக்கிறேன் என்று.

குளத்துக்கரை முழுக்க முள்செடி. ராஜாராமன் மண்டியிட்டு, இரண்டு கையாலும் சருகை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை கிழிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. விரல் நுனியில் ரத்தம் காய்ந்து மண்ணோடு ஒட்டியிருந்தது. அடையாள அட்டை மட்டும் கழுத்தில் நேராகத் தொங்கியது. பகவதிக்கு அவரை இழுத்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"என்னங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். அவளை அடையாளம் தெரிந்தது. தெரிந்ததும் முகம் வெளுத்துப்போனது.

"நீ எப்படிட்டி உள்ள வந்த? ஃபேமிலிய உள்ள விடமாட்டாங்களே" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "யாராவது பாத்தா என் வேலை போயிரும். போ, வெளிய போயி நில்லு. டோக்கனத் தேடி எடுத்துட்டு வந்துருதேன்."

"டோக்கன் வேண்டாங்க. அது செருப்பு டோக்கன். நாந்தான் பொய் சொன்னேன். வாங்க, வீட்டுக்குப் போவம்."

"வெளையாடாத பகவதி. நாப்பத்தொண்ணு. என் பேர்ல இருக்கு." மறுபடியும் குனிந்து சருகைக் கிளறினார். அவள் கையைப் பிடித்தாள், உதறினார். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், தள்ளிவிட்டார். உண்மையைச் சொன்னால் போதும் என்று நினைத்துக்கொண்டு வந்தவள், அந்த உண்மைக்கு இங்கே செல்லுபடி இல்லை என்று கண்டு திகைத்து நின்றாள். காட்டை விட்டு அவரை உயிரோடு வெளியே கொண்டுபோக, அந்தப் பொய்யைத் தவிர அவளிடம் வேறு ஒன்றும் மிச்சமில்லை.

திரும்பிக் காவலரைக் கைகாட்டி அழைத்தாள். காக்கியைப் பார்த்ததும் ராஜாராமன் எழுந்தார். கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"சாப், ஆப்கா டோக்கன் கேட் பே ஜமா ஹோ கயா" என்றார் விவரம் புரிந்த காவலர், டோக்கன் வாசலில் வந்து சேர்ந்துவிட்டதாக.

ராஜாராமன் கண்ணைச் சுருக்கினார். "நம்பர் க்யா ஹை?"

காவலருக்கு நம்பர் மறந்துவிட்டது. புருஷனின் முதுகுக்குப் பின்னால் நின்று பகவதி நான்கு விரலைக் காட்டினாள், பிறகு ஒன்றை.

"ஏக்தாலீஸ், சாப்."

ராஜாராமன் விட்ட மூச்சில் தோள் இரண்டும் தொங்கிப்போயின. தண்ணீரை வாங்கிக் குடித்தார். காவலரின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பகவதி பத்தடி பின்னால் வந்தாள். அவளோடு சேர்ந்து போவதை யாரும் பார்க்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வாசலில் அவர் கையை நீட்ட, சுபாஸ்ரீ அம்மாவின் கைப்பையிலிருந்து அவருடைய கைபேசியை எடுத்து வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றி, காயத்துக்கு மருந்து போட்டு, அடுத்த நாள் அனுப்பினார்கள். ஹப்சிகுடா வீட்டில் அவர் நன்றாகத் தூங்கினார். மறுநாள் காலையில் குளித்துவிட்டு, கட்டுப் போட்ட விரல்களாலேயே சட்டைப் பொத்தானைப் போட்டு, அட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கைபேசியை அவளிடம் கொடுத்தார். டோக்கனுக்குக் கையை நீட்டினார்.

இனி இவர் கையில் எந்த வில்லையையும் கொடுக்கமாட்டேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பகவதி சத்தியம் செய்திருந்தாள். அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று மட்டும் யோசித்திருக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவள் எழுந்து கதவை உள்பக்கமாகப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இன்னைக்கு ஆபீசு இல்லைங்க. லீவு."

"லீவா?"

அவர் முகம் மலர்ந்தது. அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார். பக்கத்தில் வந்து, கட்டுப் போட்ட விரல்களால் அவள் தோளைத் தொட்டார்.

"அப்ப எந்தக் காட்டுக்குப் போவம், பகவதி?"