செவுளும் புரோட்டானும்

ஏஞ்சல் டீச்சர் சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். கண்ணை அழுத்திப் பார்க்கிறார். போதாதென்று முகர்ந்தும் பார்க்கிறார். சிட்லபாக்கம் ஏரிக்கரை ஓரமாகக் கூடை வைத்திருக்கும் அங்காளம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்தச் சோதனைதான்.

"இன்னா டீச்சர், மீனப் பொண்ணு பாக்க வந்தியா? காலைல கோவளத்துல எறங்குனது. என் பேச்சுல நம்பிக்க இல்லியா?"

"பாக்காம எப்படிக்கா நம்பறது?"

இப்படிக் கேட்கிற ஆளுக்கு வேலை என்ன தெரியுமா? இதுவரை ஒருவர் கண்ணிலும் படாத அணுக்கருக்களுக்கு ஆயுள் கணிப்பது! தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை அவர். புரோட்டான்கள் அளவுக்கு மிஞ்சி நெருக்கியடிக்கும் கருக்கள்தான் அவருடைய செல்லங்கள். அவற்றை ஆய்வகத்தில் மோதவிட்டுத்தான் உண்டாக்க வேண்டும். உண்டானதும், கண் இமைப்பதற்குள், கடைசிப் புரோட்டான் நழுவிவிடும்.

"கேம்ப் ரோடு ஷேர் ஆட்டோல டிரைவர் பக்கத்துல ஒருத்தர் பாதி உடம்ப வெளிய வெச்சு உக்காந்திருப்பாரே, அவர்தான் இந்தப் புரோட்டான்" என்று வகுப்பில் சொல்வார். சொல்வதோடு நிற்காமல் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தும் காட்டுவார். ஒருமுறை பொத்தென்று விழுந்தே விட்டார். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "ஆனா புரோட்டான் இப்படி விழாது. கருவச் சுத்தி கண்ணுக்குத் தெரியாத ஒரு தடுப்புச் சுவர் இருக்கு, அதுக்குள்ளயே கசிஞ்சு வெளிய வரும்" என்று பாடத்தைத் தொடர்ந்தார்.

இந்த வருஷம் சும்மா இருக்காமல் வம்பை விலைக்கு வாங்கினார். வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று புதிதாக ஒரு கருவைத் தேடக் கிளம்பியது. இயந்திரத்தின் இந்த முனையில் பிறக்கும் கரு, அந்த முனையில் அதைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர் வரைக்கும் உயிரோடு போய்ச் சேர வேண்டும். நடுவழியில் சிதைந்தால் எல்லாம் வீண். சிதைந்துதான் போகும் என்றார்கள் இதே கணக்கைப் போட்ட மற்ற விஞ்ஞானிகள். ஏஞ்சல் ஒருவர்தான், கடைசிப் புரோட்டான் பலமாகச் சுற்றுகிறது, சுற்றச் சுற்ற அதன் முன்னால் சுவர் தடிக்கும், லேசில் தப்ப முடியாது, கரு போய்ச் சேரும் என்று அடித்துச் சொன்னார். அவர்களும் அதை நம்பி இயந்திரத்தை ஓட்ட நாள் குறித்துவிட்டார்கள்.

"மேடம், வரலேன்னு வைங்க, அப்புறம் உங்க மெயில ஒருத்தனும் திறக்கக்கூட மாட்டான்" என்றார் உடன் வேலை செய்யும் பத்ரி. நியாயமான பயம்தான். அன்றிலிருந்து ஏஞ்சலுக்கு நினைப்பெல்லாம் அந்தக் கரு மேலேயே. சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டார். கணவர் சுகுமார் பாவம், சாம்பாரை ஒதுக்கிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார்.

ஏரிக்கரைக்கும் சேதி தெரியும்.

"இன்னா டீச்சர், உன் புள்ள வந்துச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"என் கூடைல கீற மீன நீ நம்ப மாட்ட. நீ கண்ணுல காணாதத சொன்னா வெள்ளக்காரன் நம்பிக்கினு குந்தினு கீறான். நல்லா கீது உங்க நாயம்!"

போன ஞாயிறு, கூடை முன்னால் குனியும்போதே ஏஞ்சலின் போன் சிணுங்கியது. ஆய்வகத்திலிருந்து மெயில். டிடெக்டரில் ஒரு கரு வந்து விழுந்திருக்கிறது. கண் இமைப்பதற்குள் அதே இடத்திலிருந்து ஒரு புரோட்டான் தெறித்திருக்கிறது. அப்புறம் அதேபோல் இன்னொரு கரு, இன்னொரு கரு. ஆயுள், ஏறக்குறைய அவர் சொன்ன ஆயுளேதான்.

"வந்துடுச்சுக்கா! உயிரோட வந்துடுச்சு!" அங்காளம்மாவின் செதில் ஒட்டிய கையைப் பிடித்து உலுக்கினார். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அட்ரா சக்க! அங்கியேதான் கீதா?"

"இல்லக்கா, வந்ததும் போயிடுச்சு."

"அடப்பாவமே! ஒரு வாய் தண்ணிகூட குடிக்கலியா?"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஏரிக்கரை நடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்காளம்மா நல்ல சங்கராவாக ஒன்றை எடுத்து, கேட்பதற்கு முன்பே செவுளைத் தூக்கிக் காட்டினார்.

ஏஞ்சல் குனியவில்லை. பையை அகல விரித்துப் பிடித்தார்.