ஷார்ஷென் தைத்த சூட்டு மெத்தை

கோணி ஊசியைக் கம்பளிக்குள் செருகி, மறுபக்கம் குறடால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார் ஷார்ஷென். கட்டைவிரலில் தோல்பட்டை சுற்றியிருந்தது. இரண்டு கம்பளி விரிப்புகளுக்கு நடுவே சூடேறும் கம்பியை வளைத்து வளைத்து வைத்து, அது நகராதபடி இரு பக்கமும் தையல் போட வேண்டும். நான் உள்ளே வந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை.

"வாங்கக்கா. கெட்டில்ல டீ இருக்கு, ஊத்திக்குங்க. இந்த வரிசைய பாதில விட்டா கோணிக்கும்."

"நீங்க தையுங்க. நான் உங்க வீட்டம்மாவைப் பாக்க வந்தேன், உங்களையில்ல."

"கேட்டியா கிழவா?" உள்ளறையிலிருந்து ஸூராகான் குரல் கொடுத்தாள். பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தாலும் கேலி மட்டும் குழறுவதில்லை. "உன் மூஞ்சியப் பாக்க இந்த ஊர்ல ஆளில்ல."

"அதான் உன்னைக் கட்டிக்கிட்டேன் கிழவி. உனக்கு அப்பவே கண்ணு சரியில்ல."

ஷார்ஷென் மின்வாரியத்தில் கம்பமேறியாக இருந்தவர். மலை மேய்ச்சல் நிலங்களுக்குப் போகும் மின்கம்பிகளில் பாதி அவர் கை பட்டவை. ஒரே மகன் ரஷ்யாவில் கட்டட வேலை செய்கிறான். பக்கவாதத்தில் ஸூராகானுக்கு ஒரு பக்கம் முழுக்க உணர்வு போன பிறகு, அவளைப் புரட்டிப் படுக்கவைக்கவும் துடைக்கவும் நான் தினமும் போனேன். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அடுத்த தெருவில்தான் வீடு.

நாரின் என்ற எங்கள் மலையூரின் குளிரில் விடியும் நேரத்துக்கு அடுப்பு அணைந்துவிடும். முதல் குளிர்காலம் முழுக்க ஸூராகானுக்கு மார்ச்சளி விடவில்லை. இரண்டாவது குளிர்காலத்தில் ஷார்ஷென் இந்த மெத்தையைச் செய்தார். உணர்வில்லாத உடம்புக்குக் கீழே சூடு வைப்பது எனக்குப் பிடிக்காத காரியம். சுட்டால் அவளுக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு தடவையும் குதிகால், இடுப்பெலும்பு, பின்புறம் எல்லாம் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். தோல் சிவக்கவில்லை. சளியும் வரவில்லை. மெத்தைதான் காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன். நான் பார்த்தது அவ்வளவுதான்.

முதியோர் இல்லத் தலைவி வந்து மெத்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, படுக்கையில் கிடக்கும் எல்லாருக்கும் ஒவ்வொன்று வேண்டும் என்றாள். ஆனால் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாமல் மின்சாரப் பொருள் எதையும் இல்லத்துக்குள் விட முடியாது. அதற்காகத் தலைநகரிலிருந்து புருல்சுன் என்ற பரிசோதகி வந்தாள். இளம்பெண், கெட்டிக்காரி, சூட்கேஸ் நிறைய அளவுக் கருவிகள்.

ஷார்ஷென் பெருமையாகச் சான்றிதழ்களைப் பரப்பி வைத்தார். கம்பிக்கு ஒன்று, சூட்டைக் கட்டுப்படுத்தும் திருகுக்கு ஒன்று, பிளக்குக்கு ஒன்று, கம்பளிக்கும் ஒன்று.

"எல்லாம் இருக்கு அண்ணே. மெத்தைக்கு எங்க?"

"இதெல்லாம் சேந்ததுதானேம்மா மெத்தை!"

"சேத்தது யாரு?"

"நான்தான்."

"அப்ப உங்க கைக்கு சான்றிதழ் இருக்கா?"

உள்ளறையில் ஸூராகான் சிரித்துச் சிரித்து இருமினாள். "அந்தக் கைக்குப் போய் யாரு குடுப்பா! கல்யாணத்தன்னைக்கே நான் குடுக்கல."

புருல்சுனும் சிரித்துவிட்டாள். ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் புதிதாகத் தைத்திருந்த ஒரு மெத்தையைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு போனாள். இலையுதிர் காலம் முடிந்து முதல் பனி விழுந்த பிறகு திரும்பி வந்தாள். மெத்தையைத் தரையில் விரித்தபோது நடுவில் கம்பளி கருகி ஓட்டை விழுந்திருந்தது. கருகிய மயிர் நாற்றம் வீடு முழுக்கப் பரவியது.

"விரிச்சுப் போட்டுப் பாத்தப்ப ஒண்ணும் ஆகல அண்ணே. சட்டப்படி அது போதும். ஆனா நானும் ஒரு வீட்டு மருமக. காலைல எழுந்ததும் மெத்தையெல்லாம் மடிச்சுப் பெட்டி மேல அடுக்கலைன்னா எங்க மாமியார் அன்னைக்கு எனக்கு ரொட்டி நகத்த மாட்டாங்க. கரண்டு போயிருக்கும், பிளக்கப் புடுங்கணும்னு தோணாது. அப்படியே மடிச்சு, மேல நாலு மெத்தைய அடுக்கிருவோம். மதியம் கரண்டு வரும். அதையே பரிசோதனைக் கூடத்துல செஞ்சு பாத்தேன்."

ஷார்ஷென் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "திருகு நிறுத்தியிருக்கணுமே."

"சூட்ட உணர்ற குமிழ் மூலைல இருக்கு. மடிச்சா அது வெளிய தொங்குது. அதுக்குக் குளிருது, அதனால இன்னும் சூடு கேக்குது. நடுவுல எரியறது அதுக்கு எப்படித் தெரியும்?"

"கம்பிக்கு சான்றிதழ் இருக்கேம்மா."

"சிமென்ட் தரைக்குள்ள புதைக்கறதுக்குக் குடுத்தது. கம்பளிக்குள்ள வைக்கறதுக்கு இல்ல."

குமிழை நடுவில் வைக்கட்டுமா, நாலு இடத்தில் வைக்கட்டுமா என்று அவர் கேட்டார். வைக்கலாம், ஆனால் அது வேறு மெத்தை, மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டும் என்றாள். நாலு குமிழ் பொருந்தும் திருகு கடைத்தெருவில் கிடையாது என்று ஷார்ஷெனே சொன்னார். இல்லத்துக்கு மெத்தை இல்லை என்பது அங்கேயே முடிந்துபோயிற்று.

நான்தான் அடுத்ததைக் கேட்டேன். "உள்ள படுத்திருக்காளே, அவளுக்குக் கீழ இருக்கறது?"

புருல்சுன் உள்ளே போய்ப் பார்த்தாள். ஸூராகான் மேல் பஞ்சடைத்த கனத்த ரஜாய்ப் போர்வை மூன்று. குமிழ் இருந்த மூலை ரஜாய்க்கு வெளியே, குளிர்ந்த சுவரை ஒட்டிக் கிடந்தது. புருல்சுன் அதைக் கையால் காட்டி, "இதுவும் மடிச்ச மாதிரிதான்," என்றாள்.

"ரஜாய ஒண்ணாக் குறைச்சா?" என்றார் ஷார்ஷென்.

"தோள் குளிரும்," என்றேன். "குளிருதுன்னு நீங்களே ராத்திரி இன்னொண்ணு போத்துவீங்க."

"யாராவது என்னையும் கேளுங்க," என்றாள் ஸூராகான். "எனக்கு இது வேணும். வெந்து செத்தா சூடாவாவது சாவேன்."

புருல்சுன் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, பேருந்துக்கு நேரமாகிறது என்று எழுந்தாள். வாசலில் என் கையைப் பிடித்து, "அக்கா, நான் மடிக்காம இருந்திருந்தா இது பாஸ் ஆயிருக்கும்," என்றாள். மடித்தது நல்லதுதான் என்று அவளை அனுப்பினேன்.

திரும்பி வந்தபோது ஷார்ஷென் மெத்தையின் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "அந்த மலைல எத்தனை கம்பம் ஏறியிருப்பேன். ஒரு தடவை கூட எதுவும் எரிஞ்சதில்லக்கா," என்றார்.

"தெரியும்."

"கரண்டப் போடு கிழவா," என்றாள் ஸூராகான். அவர் போடவில்லை. நான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை நான் போனபோது குளிரில் அவள் உதடு வெளுத்திருந்தது. இருவருமாக அவளைத் தூக்கி அடுப்போரம் படுக்கவைத்தோம். ஷார்ஷென் தையலை வெட்டிக் கம்பியை உருவினார். கம்பளியின் உட்புறத்தை நான் ஜன்னல் பக்கம் பிடித்து முழுக்கப் பார்த்தேன். எங்கேயும் கருகிய கறை இல்லை. அதைச் சொன்னபோது, அவர் உருவுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இதுவரைக்கும் எரியல. அவ்வளவுதான் அர்த்தம்," என்றேன்.

மிச்சத்தையும் உருவி, சுருட்டி, ஆணியில் மாட்டினார். கம்பளியை மறுபடி விரித்து அவளைக் கிடத்தினோம். ஊறுகாய்ப் போத்தல்களில் வெந்நீர் நிரப்பி, அவருடைய காலுறைகளை மாட்டி, தோலில் படாமல் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி வைத்தேன்.

"முதுகுக்குக் கல்லு மாதிரி ஜில்லுன்னு இருக்கு," என்றாள் ஸூராகான்.

அவளை இடப்பக்கம் திருப்பிவிட்டேன். ஷார்ஷென் வாளியை எடுத்துக்கொண்டு கரி அள்ளக் கொட்டகைக்குப் போனார்.