உள்கதவில் ஒரு கை அகலம்

அண்ணியோடு எங்கள் வீட்டுக்கு வந்த பீரோ அரக்குச் சிவப்பு நிறத்தில் இருந்தது. வெள்ளிமலையிலிருந்து சாமை மூட்டை ஏற்றும் வேனில் கிடத்தி, மலைப்பாதையின் வளைவுகளையெல்லாம் தாண்டி, ஒரு கீறல்கூட விழாமல் கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தது. கீறலை நாங்கள்தான் போட்டோம். கல்யாணத்துக்கு மறுநாள் காலை அம்மா பீரோவை இரண்டு முறை சுற்றி வந்தாள். விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "பாப்பா, அந்தச் சாவியக் குடு" என்றாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தேன். பக்கவாட்டில் ஒரு விரல் நீளத்துக்கு அம்மா கீறினாள். சிவப்புக்கு அடியில் பச்சை தெரிந்தது. தாலுகா ஆபீஸில் கோப்பு அடுக்கி வைத்திருப்பார்களே, அதே பச்சை. அண்ணி சமையலறை வாசலில் காபி டம்ளரோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணியின் அப்பா மலைமேல் ஒரு மாணவர் விடுதியில் சமையல்காரர். விடுதியில் கழித்துப்போட்ட பீரோவை ஏலத்தில் எடுத்து, லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒருவரிடம் கொடுத்துச் சிவப்பாக்கி, மகளுக்குச் சீராக அனுப்பியிருக்கிறார். புதுசு என்று அவர் சொல்லவில்லை. பழசு என்றும் சொல்லவில்லை. அது போதுமே அம்மாவுக்கு. வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு உறவுக்காரரையும் அந்தக் கீறல் பக்கம் அழைத்துப் போய், "ஆபீஸ் பீரோவப் பூசிக் குடுத்துட்டாங்க" என்று காட்டுவாள். காட்டிய பிறகுதான் காபி வரும். அந்தக் காபியையும் அண்ணிதான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அண்ணனுக்கு வாயில் கொழுக்கட்டை. ஒன்பது வருஷம் இது நடந்தது. என் அம்மாவை எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவளை நான் மன்னித்ததில்லை. என்னையும் மன்னித்ததில்லை.

பெயிண்ட் அண்ணியின் கைக்கு வந்தது தற்செயலாகத்தான். ஜன்னல் கம்பிக்கு அடித்தது போக அரை டின் ஆகாய நீலம் மிச்சமிருந்தது. அண்ணி அதை ஒரு முக்காலிக்கு அடித்தார். அடுத்து ஒரு நாற்காலி. பிறகு தெருவில் யார் வீட்டில் பெயிண்ட் வேலை நடந்தாலும் மிச்ச டின்னைக் கேட்டு வாங்கி வந்துவிடுவார். முதலில் எல்லாமே கோரம்தான், சும்மா சொல்லக் கூடாது. ஆடி மாதக் காற்றில் வாசலில் வைத்து அடித்த ஒரு கட்டிலில் ஊர்ப் புழுதி மொத்தமும் ஒட்டிக்கொண்டது. அண்ணன் அதில் படுத்து எழுந்தால் முதுகெல்லாம் உப்புத்தாள் தேய்த்த மாதிரி சிவந்திருக்கும். அண்ணி அசரவில்லை. தரையில் தண்ணீர் தெளித்து, சுற்றிலும் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, அதற்குள் வைத்து அடிக்கப் பழகினார். துரு போகத் தேய்த்து, பள்ளத்தைப் பட்டி மாவால் அடைத்து, மீண்டும் துரு ஏறாதபடி ரெட் ஆக்சைடு ஒரு கை பூசி, அதன்மேல் நிறம் இரண்டு கை. அவசரப்பட மாட்டார். மற்றவர்கள் பீரோவில் மயில் ஸ்டிக்கர் ஒட்டிய காலத்தில், அவர் தான் அடித்த சாமான்களின் ஓரம் முழுக்கத் தன் மலையின் சாமைக் கதிரை வரைந்தார். கதிர் தலை சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரியும்.

பழகிய கை வந்ததும் அவர் முதலில் எடுத்தது அந்தச் சிவப்புப் பீரோவைத்தான். அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். அண்ணி கீறலோடு சேர்த்து மொத்தச் சிவப்பையும் தேய்த்து எடுத்தார். அடுத்த நாட்களில் புதிதாக மஞ்சள் அடித்து, கதிர் வரைந்தார். ஆனால் கதவின் உள்பக்கம், ஒரு கையை விரித்து வைத்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு இடத்தில் பழைய பச்சையை அப்படியே விட்டுவிட்டார். பெயிண்ட் தீர்ந்துபோய்விட்டதா என்று கேட்டேன்.

"எங்கப்பா வாங்கினது இந்தப் பச்சைதான். அத எதுக்கு மறைக்கணும்? மறைச்சதாலதான இத்தினி பேச்சு" என்றார்.

அப்போது நான் பன்னிரண்டு வயதுச் சிறுமி இல்லை. கல்லூரி முடித்து வேலைக்குப் போகிற பெண் நான். "அண்ணி, அன்னிக்கு அம்மாவுக்குச் சாவி எடுத்துக் குடுத்தது நான்தான்" என்றேன். "தெரியும். பார்த்துக்கினுதான நின்னேன்" என்றார். பிரஷ்ஷைத் தின்னரில் அலசிக்கொண்டே சொன்னார்.

அந்த மஞ்சள் பீரோவைப் பார்த்த எதிர்வீட்டு டீச்சர் தன் நாற்காலிகளைக் கொடுத்தார். அப்புறம் ஒரு மழலையர் பள்ளி குட்டி பெஞ்சுகளை அனுப்பியது. பிறகுதான் கல்யாணப் பீரோக்கள் வரத் தொடங்கின. கரும்பு வெட்டியும் களை எடுத்தும் பிழைக்கிறவர்கள், கைமாறி வந்த பீரோவை வாங்கி, அண்ணியிடம் கொடுத்துப் புதுசாக்கிப் பெண்ணுக்கு அனுப்பினார்கள். முன்வாசலில் தகரக் கொட்டகை போட்டோம். எந்தப் பீரோ வந்தாலும் உள்கதவில் ஒரு கை அகலம் பழசை விடுவது அண்ணியின் வழக்கமாகிவிட்டது. கதவை மூடினால் அது தெரியாது என்பதால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

வடக்கனந்தலிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகளுக்கு நைனார்பாளையத்தில் மாப்பிள்ளை. பீரோ அண்ணி வயது இருக்கும். "புதுசு மாறியே இருக்கணுங்க. மாப்ள வூட்டுக்குத் தெரியக் கூடாது. அந்தக் கை அளவு இடத்தையும் மூடிடுங்க" என்றார்.

"அடிச்சித் தரேன். மூட மாட்டேன்" என்றார் அண்ணி. "பழசுன்னு முன்னாடியே சொல்லிடுங்க."

"சொன்னா இன்னா ஆவும்னு உங்களுக்குத் தெரியுமாங்க?"

"சொல்லலன்னா இன்னா ஆவும்னு தெரியும்."

கல்யாணப் பெண்ணும் கூட வந்திருந்தாள். கொட்டகையில் இருந்த டின்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, ஊதா நிறத்தைக் காட்டி, "எனக்கு இது" என்றாள். மூட வேண்டாம் என்றும் அவளே சொன்னாள். மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிடுவதாக அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் போனார்.

சொல்லவில்லை. எப்படிச் சொல்வார், பாவம். கல்யாணத்தன்று காலை போனில் அழுதார். சீர் சாமான்களை மண்டபத்தில் பரப்பியிருக்கிறார்கள், மாப்பிள்ளையின் அத்தை பீரோவையே சுற்றிச் சுற்றி வருகிறார், நீங்கள் வந்து புதுசுதான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றார். அண்ணி புடவை மாற்றிக்கொண்டார். கூடத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "போவாத. நாலு பேர் நடுவுல போய் நின்னீன்னா வர்ற பொழப்பும் போயிடும்" என்றாள். அக்கறையோடுதான் சொன்னாள். அண்ணி, "போனா போவுது அத்தை" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். நானும் கூடவே பஸ் ஏறினேன்.

நாங்கள் உள்ளே போனபோது அந்த அத்தையின் கையில் கொண்டை ஊசி இருந்தது. குத்துவிளக்குக்கும் கட்டிலுக்கும் நடுவே ஊதாப் பீரோ நின்றது. சுற்றிலும் கூட்டம். பெண்ணின் அம்மா சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்தார். அண்ணி நேராகப் போய், "வெளிய எதுக்குங்க சுரண்டுறீங்க, கதவத் தொறங்க" என்றார். அவரே திறந்தும் காட்டினார். உள்ளே ஒரு கை அகலத்துக்குப் பழைய சாம்பல் நிறமும் அதன் ஓரத்தில் துருவும் தெரிந்தன.

"பழசுதான். நான்தான் பெயிண்ட் அடிச்சேன். பூட்டு மாத்தியிருக்கு, தட்டு நிமித்தியிருக்கு. இருவது வருசம் வரும். புதுசுன்னு யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா?"

"பழசுன்னும் சொல்லலியே" என்றார் அத்தை.

"இப்ப சொல்றேன். எல்லாரும் கேட்டுக்குங்க."

"பூசின பீரோவா எங்க வூட்டுக்கு?"

மணப்பெண் அறையிலிருந்து மாலையோடு வந்து நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. "அது என் பீரோ. கலர் நான்தான் சொன்னேன். உங்க வூட்டுல வைக்க எடமில்லன்னா சொல்லிடுங்க, அம்மா வூட்டுலயே இருக்கட்டும். என் துணி நாலு புடவ, கொடில போட்டுக்கிறேன்" என்றாள். ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை. மாப்பிள்ளை முன்னால் வந்தார். பீரோக் கதவை மூடி, சாவியைப் பூட்டிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தார். தாலி கட்டினார்கள். அத்தை சாப்பிடாமலே போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

எல்லாரும் திருந்தி அண்ணியைக் கொண்டாடினார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. மண்டபத்தில் நின்று பழசு என்று போட்டு உடைத்தவள் என்று ஊரெல்லாம் பேச்சானது. அந்த வாரமே கொட்டகையிலிருந்து மூன்று பீரோக்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒன்றில் பட்டி காய்ந்துகூட இருக்கவில்லை. அதன்பின் ஐந்தாறு மாதம் கல்யாண வேலை ஒன்றும் வரவில்லை. "அந்த எடத்த மூடித் தொலச்சா இன்னா கொறஞ்சிடும்?" என்று அண்ணன் கேட்டான். அவனுக்கு வாய் திறக்கத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அண்ணி கொட்டகைக்குப் போனார். கழித்துப்போட்ட ஒரு பீரோக் கதவைத் தேய்த்து, கறுப்பு அடித்து, மஞ்சளில் எழுதத் தொடங்கினார். அதுவரை எங்களுக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளும்படி அண்ணன் கெஞ்சினான். பலகையைத் தூக்கி மாட்ட ஆள் வேண்டியிருந்தபோது அம்மா எழுந்து வந்து ஒரு முனையைப் பிடித்தாள்.

பலகையைப் படித்து நம்பி வந்தவர்கள் மெல்ல மெல்லக் கூடினார்கள்; இன்று சேலம் சாலையில் அண்ணிக்குப் பெரிய கொட்டகை இருக்கிறது. அண்ணியோடு நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். புதுசு போல ஆக்கித் தாருங்கள் என்று கேட்டு வருகிறவர்கள் இப்போதும் உண்டு. வாசலிலேயே நின்று பலகையைப் படித்துவிட்டுப் பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள். மீதிப் பேர் உள்ளே வருகிறார்கள். வெயிலில் எழுத்து வெளுக்கும்போதெல்லாம் அண்ணியே ஏணி போட்டு ஏறி இரண்டு வரியையும் புதுப்பித்துவிட்டு இறங்குவார்.

"பழைய பீரோ, கட்டில், நாற்காலிகளுக்கு இங்கே பெயிண்ட் அடித்துத் தரப்படும். பழசு என்று எங்கள் வாயாலேயே சொல்லித் தருவோம்."